பூனைக்குட்டிக்கு எதிர்வீட்டு ஜாமீன்

உங்கள் மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் ஒரு பூனைக்குட்டி தூங்கிக்கொண்டிருக்கிறது. ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய காலம் முழுக்க உங்கள் தலையில் இருந்த அதே ஹெல்மெட்தான். கோபம் வருகிறதா? வரட்டும். நீங்கள் இருந்திருந்தால் இந்த வீட்டில் பூனை வளர்க்க ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் கண்ணை மூடியதில் எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் இதுதான். அதையாவது அனுபவிக்க விடுங்கள்.

பூனை என்றாலே உங்களுக்கு எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் சாம்பல் பூனைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, வறுத்த வஞ்சிரத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனீர்கள். திரும்பி வருவதற்குள் பெரிய துண்டைக் காணோம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராயபுரமே கேட்கும்படி எதிர்வாசலில் நின்று கத்தினீர்கள். “காசு குட்து வாங்குறது நானு, துன்றது உன் வூட்டு மகாராணியா? கட்டிப் போடு அத்த!”

ஸ்டெல்லா விடுவாளா? “கட்டிப் போட அது இன்னா நாயா? நீ கதவ சாத்திகினு துன்னு!”

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் கேக் மட்டும் வருஷம் தவறாமல் மூன்றாம் வீட்டுக்காரர் கையால் போய்வந்தது. அவள் கேக்கில் முந்திரி குறைவு என்று குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்று தீர்த்தவர் நீங்கள்தான்.

நீங்கள் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. உங்கள் வாய் ஒன்று போதும், தெருவே நிறைந்திருக்கும். எனக்கு ஏதாவது ஒரு உயிர் காலைச் சுற்றிவந்தால் தேவலை என்று இருந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு விலங்குக் காப்பகம் இருப்பதாகக் கோயிலில் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன்.

அங்கேதான் இந்தக் குட்டியைப் பார்த்தேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து மீட்டார்களாம். நிறமும் அப்படியே துருப்பிடித்த இரும்பு. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, விடவேயில்லை. இதுதான் எனக்கு என்று சொல்லிவிட்டேன்.

அங்கிருந்த பெண் மரியாதையானவள்தான். ஆனால் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. தனியா இருக்கீங்க, வயசும் ஆகுது. உங்களுக்கு அப்புறம் இதை யாரு பாத்துப்பாங்க? பொறுப்பு எடுத்துக்க ஒருத்தர் வேணும், இல்லன்னா குடுக்க முடியாது.”

யார் பெயரைச் சொல்வேன்? ஓசூரில் இருக்கும் நம் மருமகளுக்குப் பூனை முடி பட்டாலே தும்மல். அதைவிட, அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்களும் அதைத்தானே கேட்டீர்கள். “இன்னாமே, எனக்கு அப்பால உன்ன யாரு பாத்துப்பா?” அன்றைக்குப் பதிலுக்கு உங்கள் போர்வையைத்தான் இழுத்து விட்டேன்.

குட்டியின் நகத்தை முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அழுகை வந்துவிட்டது. எதிர்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஸ்டெல்லா எழுந்து வந்தாள். உங்களை எடுத்த அன்றைக்குப் பிறகு அவள் நம் படி ஏறியது அப்போதுதான்.

“இன்னாக்கா? இன்னா ஆச்சு?”

சொன்னேன்.

“இதுக்கா அழுதுகினு கீற? என் பேர குடு. கெளம்பு, கெளம்பு.” செதிள் ஒட்டிய கையைக் கழுவக்கூட இல்லை, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

காப்பகத்துப் பெண் அவளைப் பார்த்து, “நீங்க இவங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டாள்.

“சண்டக்காரி,” என்றாள் ஸ்டெல்லா. “பூனையாலதாம்மா இவங்க வூட்டுக்காருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே இல்லாம போச்சு. அது வேற கத. இந்தக்கா இல்லாங்காட்டி குட்டி என் வூட்ல இருக்கும். எழுதிக்கோ.”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். குட்டி என் கைக்கு வந்தது.

ஆட்டோவில் வரும்போது ஸ்டெல்லா சொன்னாள்: “அண்ணன் மட்டும் இருந்துச்சுன்னா, நம்ம ரெண்டு பேரையும் வெளிய நிக்க வெச்சு கதவ சாத்திருக்கும்.” சிரித்துக்கொண்டே வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். நீங்கள் அவளைத் திட்டிய திட்டுக்கு, அவள் உங்களுக்காக அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது பூனையைப் பார்க்கும் சாக்கில் தினமும் வருகிறாள். வந்தால் போவதில்லை. முந்தாநாள் எனக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்து எடுத்துவந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பூனைக்குத்தான் ஜாமீன் குட்தேன், கூடவே நீயும் என் தலைல ஏறிகின,” என்று ஒரு பாட்டம் திட்டினாள். கஞ்சியில் உப்பு அதிகம். சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்வியை இத்தனை நாளும் மனசுக்குள் சுமந்துகொண்டுதான் இருந்தேன். பதில் தெரியாமலே போய்விட்டீர்களே என்பதுதான் என் பெரிய துக்கம். இப்போது சொல்கிறேன், கத்தாமல் கேளுங்கள். உங்கள் சண்டைக்காரிதான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள்.