மிகச் சிறிய துண்டு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வீட்டில் தண்ணீரில் வைத்திருந்த வெங்காயத்தின் வேர் நுனிகளை நறுக்கி, செல்களை அப்படியே நிறுத்திவைக்கும் மருந்தில் போட்டேன். கல்லூரி திறக்கும்வரை காத்திருந்தால் செல்கள் பிரியும் நேரம் தவறிவிடும். மருந்தின் புளித்த நெடி எழுந்ததும் உன் நினைவு வந்தது. நீ இறந்துபோய் நாற்பது நாள் ஆகிறது. உன் மகளை விடுதியில் விடப்போவதாக நேற்று உன் அண்ணன் வந்து சொன்னார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் இதே கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். மனிதக் குரோமோசோம்களின் படத்தைக் கத்தரித்து, நீளமானதில் தொடங்கிக் குட்டையானது வரை, ஒவ்வொன்றிலும் இடுங்கியிருக்கும் பகுதி ஒரே கோட்டில் நிற்கும்படி ஜோடி ஜோடியாக ஒட்டுவோம். ஒருநாள் நினைவில்லாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டேன். கடைசிச் சிறு துண்டுகள் பறந்துபோயின. காகிதத் துணுக்குதானே, விடு என்றேன். நீ தரையில் தவழ்ந்து தேடினாய். "சின்னதா இருந்தா வேணாமாடி?"

உன் மகளுக்கு அந்தச் சிறியவற்றில் ஒன்று, இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தது; அதனால்தான் அவள் அறிவு வளர்ச்சி பின்தங்கியது. சென்னையிலிருந்து ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்த அன்று உன் மாமியார் என்னைக் கூப்பிட்டார். "படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. இது யாரு பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" பெரும்பாலும் தாயின் கருமுட்டையில் ஒரு ஜோடி பிரியாமல் நின்றுவிடுவதால்தான் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். அது எவருடைய குற்றமும் இல்லை என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரே மாதத்தில் நீ குழந்தையோடு நெரவியில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

நீ என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே ஒருமுறை, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாய்: "நீ என்ன பொய்யா சொன்ன? அவங்களுக்கு அதுக்கு மேல கேக்கத் தெரியல."

நேற்று அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "எனக்கும் முடியலம்மா. பஸ் சத்தம் கேட்டா அம்மா வருதுன்னு புள்ள வாசலுக்கு ஓடுது. நான் போயி தூக்கிட்டு வர்றேன். எத்தன நாளைக்கி?" அடுத்த வாரம் அவளைத் தஞ்சாவூர் விடுதிக்கு அழைத்துப் போகிறாராம். நான் தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

எவருடைய குற்றமும் இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷமும் சொல்லாமலே இருந்துவிட்டேன். இனி அதை உன்னிடம் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நெரவிக்குப் போய் அவளை என் வீட்டுக்கே அழைத்து வரப்போகிறேன். என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பஸ் வராது.