பனியில் எரிந்த கோட்டு

தார்ன்ராய்ட், யார்க்‌ஷயர்
9 பிப்ரவரி 1947, ஞாயிறு

என் அருமை ஹெட்டிக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நீ உன் அக்கா ஃப்ளாரி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் வேகவைக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சக்டன் அம்மா பாவம் பார்த்து ஒரு கிண்ணம் பட்டாணி மசியல் கொடுத்தாள், கூடவே அரை மணி நேரம் புத்திமதியும் கொடுத்தாள். மசியல் பரவாயில்லை.

இரண்டு சனிக்கிழமையாக ஆட்டம் இல்லை. மைதானம் கல்லாக உறைந்து கிடக்கிறது. ஒரு கூத்து கேள். போன செவ்வாய்க்கிழமை நம் கிளப் தலைவர் ஏக்ராய்ட், பனியை உருக்கியே தீருவேன் என்று மைதானம் முழுக்கக் கரி அடுப்புகளை வரிசையாக வைத்தார். தானே குனிந்து ஒன்றை ஊதினார். பின்னால் இருந்த அடுப்பு அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாருய்யா அது, இந்த ரேஷன் காலத்துல கறி சுடுறது?" என்று ஆசையாகக் கேட்டார். நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து அவரைப் பனியில் உருட்டினோம்.

நம் பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த சீசன் முடியும்வரை ஆடுவேன். முடிந்ததும் பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரிட்லிங்டனுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பணிவாக உன்னை வீட்டுக்குக் கூப்பிடுவேன். பதினோரு வருஷமாக ரக்பி லீக் ஆடி ஒரு கோப்பையைக்கூடத் தொட்டுப் பார்க்காதவன் நான். இந்த வருஷம் சாம்பியன்ஷிப் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும். அதுவரை பொறுத்துக்கொள்.

உன் கிளெம்


பிரிட்லிங்டன்
14 பிப்ரவரி

அன்புள்ள கிளெம்,

கோட்டுக் கதையை ஃப்ளாரிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் தேநீரைப் போர்வையில் கொட்டிவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் அழுதேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இந்தக் குளிரில் ஃப்ளாரியின் கடற்கரை விடுதிக்கு யார் வருவார்கள்? எட்டு அறையும் காலி. நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக ஊரில் சொல்கிறாயாமே. கோபம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, கிளெம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டத்தில் உனக்குத் தலையில் அடிபட்டது. சாயங்காலம் நீ வீடு வந்து சேரவில்லை. தேடிக்கொண்டு வந்தால், மில் தெருவில் உன் அம்மா இருந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாய். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். "கதவத் தொறக்க மாட்டேங்குறாங்க ஹெட்டி, நீ கூப்பிட்டுப் பாரேன்" என்கிறாய். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை நீ மறுபடியும் ஆடப் போனாய். சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஈரக் காலுறையோடு தூங்காதே.

ஹெட்டி


தார்ன்ராய்ட்
30 மார்ச், ஞாயிறு

என் அருமை ஹெட்டிக்கு,

படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்காதே. சீசன் ஏப்ரலில் முடியாது. பனியில் நின்றுபோன ஆட்டங்கள் எல்லாம் மலையாகக் குவிந்திருக்கின்றன. வார நாளில் ஆடினால் ஆட்கள் சுரங்கத்துக்கு மட்டம் போட்டுவிடுவார்கள் என்று அரசாங்கம் அதையும் தடுத்துவிட்டது. எல்லாவற்றையும் சனிக்கிழமையில் திணித்தால் ஜூன் வரை இழுக்கும் என்கிறார்கள். இதில் என் குற்றம் ஏதும் இல்லை.

நானும்தான் களைத்துப்போயிருக்கிறேன். முப்பத்தைந்து வயதில் முன்வரிசையில் முட்டிக்கொண்டு நிற்பது லேசான காரியமா? சுரங்கத்தில் என்னைக் கீழே அனுப்பாமல் மேலே கரி பொறுக்குகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். என் முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார்கள் போல.

இப்போது மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். நேற்று ஜெயித்தோம். கோச் ஹாய்ல் புது வழக்கம் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். அடிபட்டு விழுந்தவன் முகத்தில் ஈரப் பஞ்சை அமுக்கிவிட்டு, "இன்னிக்கு என்ன கெழம? யாரோட ஆடுறோம்?" என்று கேட்பார். முழித்தால் வெளியே போகவேண்டியதுதான். மாற்று ஆள் கிடையாது, மிச்சம் பன்னிரண்டு பேரும் சாகவேண்டும். அதனால் நான் மணிக்கட்டில் சுற்றுகிற பட்டியில் கிழமையையும் எதிரணிப் பெயரையும் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். நேற்று விழுந்தேன், பார்த்தேன், சொன்னேன், எழுந்துவிட்டேன். எப்படி?

உன் கிளெம்


பிரிட்லிங்டன்
5 ஏப்ரல்

கிளெம்,

எப்படி என்று என்னைக் கேட்கிறாய். நான் உன்னை ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு என்ன கிழமை என்று கையைப் பார்த்துப் படிக்கிறவன் எதற்கு ஆடவேண்டும்?

முழங்காலுக்காக உன்னை மேலே வைத்திருக்கிறார்கள் என்றா நினைக்கிறாய்? சக்டன் அம்மா எழுதியிருக்கிறாள். சுரங்க விளக்கை வாங்காமலே இரண்டு தடவை கீழே இறங்கப் போனாயாம். கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தானாம்.

ஈஸ்டருக்கு நாலு பேர் தங்க வருகிறார்கள். எனக்கு வேலை இருக்கிறது.

ஹெட்டி


தார்ன்ராய்ட்
4 மே, ஞாயிறு

என் அருமை ஹெட்டிக்கு,

உன் கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சக்டன் அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. விளக்கை யார்தான் மறக்கவில்லை?

நேற்றும் ஜெயித்தோம். காதில் நாலு தையல். முதல் நாலு இடத்துக்குள் வந்துவிட்டால் அரையிறுதி, அப்புறம் இறுதி ஆட்டம். ஊரே பைத்தியம் பிடித்து அலைகிறது. கசாப்புக் கடைக்காரர் என் ரேஷனுக்கு மேல் ஒரு துண்டு ஈரலைச் சுருட்டிக் கொடுத்தார்.

உனக்குச் சிரிப்பு வரட்டும், ஒரு கூத்து கேள். போன செவ்வாய்க்கிழமை நம் கிளப் தலைவர் ஏக்ராய்ட், பனியை உருக்கியே தீருவேன் என்று மைதானம் முழுக்கக் கரி அடுப்புகளை வரிசையாக வைத்தார். தானே குனிந்து ஒன்றை ஊதினார். பின்னால் இருந்த அடுப்பு அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாருய்யா அது, இந்த ரேஷன் காலத்துல கறி சுடுறது?" என்று ஆசையாகக் கேட்டார். நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து அவரைப் பனியில் உருட்டினோம். ஃப்ளாரிக்குப் படித்துக் காட்டு.

உன் கிளெம்


பிரிட்லிங்டன்
9 மே

அன்புள்ள கிளெம்,

இதோடு உன் கடிதங்கள் இரண்டைக் குண்டூசியால் குத்தி அனுப்பியிருக்கிறேன். ஒன்று பிப்ரவரியில் எழுதியது, மற்றது போன ஞாயிற்றுக்கிழமை எழுதியது. அடுத்தடுத்து வைத்துப் படி.

மே மாதத்தில் பனி ஏது, கிளெம்?

ஃப்ளாரிக்குப் படித்துக் காட்டவில்லை.

ஹெட்டி


தார்ன்ராய்ட்
15 ஜூன், ஞாயிறு

ஹெட்டி,

ஐந்து வாரம் எழுதவில்லை. எழுதப் பயமாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் இதை ஏற்கெனவே எழுதிவிட்டேனா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

முதலில் நீதான் என் கையெழுத்தைப் பார்த்து எழுதி விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு என் பேனா கக்குகிற மைத்திட்டு இரண்டிலும் இருப்பதைப் பார்த்தேன். மே மாதத்துக் கடிதம் எழுதியது ஞாபகம் இருக்கிறது. பிப்ரவரிக் கடிதம் எழுதியது துளிகூட ஞாபகம் இல்லை. நான் பயந்துபோயிருக்கிறேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை மான்செஸ்டரில் இறுதி ஆட்டம். எண்பது நிமிஷம், அதோடு சரி. பதினோரு வருஷத்துக்கு எண்பது நிமிஷம் கேட்கிறேன். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் ஆடமாட்டேன், இது சத்தியம். ஆனால் எழுதிவிடாதே, ஹெட்டி.

கிளெம்


பிரிட்லிங்டன்
17 ஜூன்

அன்புள்ள கிளெம்,

ஆறு மாதமாக வேண்டாம், வேண்டாம் என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போது ஒரு தடவை சொல்லி உன் கோப்பையைப் பிடுங்கினேன் என்ற பழியையும் நான் சுமக்கவேண்டுமா? மாட்டேன்.

ஒன்று செய். குண்டூசி குத்தியபடியே அந்த இரண்டு கடிதத்தையும் ஹாய்லிடம் கொடு. நீ ஒன்றும் பேசாதே. படித்துவிட்டு அவர் ஆடு என்றால் ஆடு. அதற்கப்புறம் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

ஹெட்டி


தார்ன்ராய்ட்
22 ஜூன், ஞாயிறு

என் ஹெட்டிக்கு,

சீசன் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஹாய்லிடம் கடிதங்களைக் கொடுத்தேன். கோட்டு எரிந்த இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏக்ராய்ட் கெழவன் காட்டுக் கத்து கத்துனானே!" அப்புறம் அடுத்த கடிதத்தைப் படித்தார். தேதியைப் பார்த்தார். திருப்பி முதல் கடிதத்தைப் பார்த்தார்.

"இத எப்பய்யா எழுதுன?"

"மே மாசம்."

"அப்ப இது?"

"அது ஞாபகம் இல்ல."

உடுப்புக் கூடை மேல் உட்கார்ந்தார். "அந்தப் பட்டிய நான் பாக்கலேன்னா நெனைக்குற? பாத்தேன். ஆள் கொறையுமேன்னு வாய மூடிக்கிட்டேன். என்னத்தான்யா ஒதைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்து என் பெயரை அடித்தார். நான் அவரைத் திட்டிய திட்டை உனக்கு எழுத முடியாது.

என் இடத்தில் இரண்டாம் அணிப் பையன் பென்ட்லி ஆடினான். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதான எல்லைக்கு வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தேன். பத்துக்கு எட்டு என்று ஜெயித்தோம். பதக்கம் பதின்மூன்றுதான், எனக்கு இல்லை. ஊருக்குள் கரி லாரியில் ஊர்வலம் போனோம். என்னையும் ஏற்றினார்கள். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் அழுதேன், சந்தோஷம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பூட்ஸைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்து வண்டிக்கு வருகிறேன். ஹல் ஸ்டேஷனில் வண்டி மாறவேண்டும். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவேன். ஸ்டேஷனுக்கு வருவாயா?

உன் கிளெம்


பிரிட்லிங்டன்
25 ஜூன், புதன்

என் அன்புக் கிளெம்,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு ஃப்ளாரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொள்ள நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

இன்று காலைத் தபாலில் இன்னொரு கடிதம் வந்தது. நேற்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறாய். சீசன் முடிந்துவிட்டது என்று தொடங்கியிருக்கிறாய். ஹாய்ல் உடுப்புக் கூடை மேல் உட்கார்ந்தது, கரி லாரி, கோப்பை சில்லென்று இருந்தது, எல்லாம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. ரயில் மட்டும் வேறு. முதல் கடிதத்தில் வெள்ளிக்கிழமை, இதில் சனிக்கிழமை.

நீ வெட்கப்படாதே. இந்த இரண்டையும் குண்டூசி குத்தி அனுப்பமாட்டேன். இவை என் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நீ வந்து கூப்பிடவேண்டும் என்பதுதானே நம் பேச்சு? இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாய், போதும். நீ வரவேண்டாம். ஹல்லில் நீ எந்த வண்டியில் ஏறி எங்கே போய் நிற்பாயோ என்று நினைத்தாலே எனக்குக் கைகால் ஓடவில்லை. நாளைக்கு நானே வருகிறேன். இந்தக் கடிதம் காலையில் வந்துவிடும், நான் மதியம் வந்துவிடுவேன். அப்புறம் நான் எங்கேயும் போகப்போவதில்லை. ஏக்ராய்டின் கோட்டுக் கதையை நீ எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறேன். ஆனால் சலித்துக்கொள்ளாமல் கேட்கிறேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

இப்போது எழுந்து போய் அந்த மணிக்கட்டுப் பட்டியையும் பென்சிலையும் எடு. இப்படி எழுதிக்கொள்: வியாழக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு ஹெட்டி வருகிறாள். வீட்டிலேயே இரு. மில் தெருவுக்குப் போகாதே.

எழுதியாயிற்றா? கையில் கட்டிக்கொள்.

உன் ஹெட்டி