எழுநூறு வீடுகளுக்குப் போன கடிதம்

மார்ச் 3, திங்கள்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. அழுக்குத் துணிப் பையோடு மூன்று மாடி இறங்குவதற்குள் இவருடைய முழங்கால் படிக்கு ஒரு சத்தம் கொடுத்தது. பையை நானே வாங்கிக்கொண்டேன். நேற்று ஆராதனைக்கு ஆறு பேர். இவர் வழக்கம்போல நாற்பது நாற்காலி போட்டார், நாற்பதையும் மடக்கி வைத்தார். "பத்து மட்டும் போடுங்களேன்" என்று ஒரு தடவை சொன்னதற்கு, "பதினோராவது ஆள் வந்தா நிக்க வைப்பியா?" என்று கேட்டார். பதினொரு வருஷமாக அந்த ஆள் வரவில்லை.

இந்த மாத ஜெபக் கடிதம் சனிக்கிழமைக்குள் போயாக வேண்டும். எழுதுவது நான், கையெழுத்து இவர். ஊழியத்துக்கு வந்த இந்த அந்நிய ஊரில் நாங்கள் என்ன செய்கிறோம், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொந்த ஊரில் எழுநூறு வீடுகளுக்குத் தெரிவிக்கும் கடிதம். போன மாதக் கடிதத்துக்கு அறுபத்தொரு பதில் வந்ததாம். மிஷன் அலுவலகத்துச் செயலாளர் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கடிதம், கீழே சலவைக்கடை வைத்திருப்பவளைப் பற்றியது. இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. அவள் மகன் சிறையில் இருப்பதை எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை.

இன்று துணியை வாங்கியது அவளுடைய தங்கை. சீட்டைக் கிழித்து நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே இஸ்திரி மேசையில் அவள் நின்றிருந்தாள். கூப்பிட்டேன். "வேலை இருக்கு" என்றாள், திரும்பாமலே.

உடம்பு சரியில்லையோ?

மார்ச் 4, செவ்வாய்

இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்ததில்லை. இன்று காலை வந்தாள். கதவைத் திறந்தால் மூச்சு வாங்க நிற்கிறாள், கையில் கடையின் போன்.

"இவங்கல்லாம் யாரு?"

(அவள் பேசுவது அவளுடைய மொழியில். எனக்குள் அது எப்போதோ தமிழாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.)

நாற்பத்துமூன்று செய்திகள். எல்லாம் எங்கள் ஊர் எண்கள். சில தமிழில், சில போனே அவள் மொழிக்கு மாற்றித் தந்த கோணல் வாக்கியங்களில். அன்புச் சகோதரி, சிறையில் வாடும் உங்கள் மகனுக்காகக் கண்ணீரோடு மன்றாடுகிறோம். தைரியமாயிருங்கள், நாங்கள் இருக்கிறோம். ஒருவர் எரிகிற மெழுகுவர்த்திப் படம் அனுப்பியிருந்தார். இன்னொருவர் மகனுடைய புகைப்படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

எண் எப்படிக் கிடைத்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கடிதத்தோடு ஒரு படம் போட்டிருந்தேன். நானும் அவளும் கடை வாசலில். எங்கள் தலைக்கு மேல் பெயர்ப்பலகை. பலகையில் கை அகல எழுத்தில் கடையின் எண்.

அந்த போன் எப்போதும் கவுன்டரில் கிடக்கும். முதலில் பார்த்தது தங்கை. மகன் கப்பலில் வேலை செய்கிறான் என்றுதான் ஒன்றரை வருஷமாகத் தங்கையிடம் சொல்லி வைத்திருந்தாள். தங்கை தன் கணவனிடம் சொல்ல, அவன் ரொட்டிக்கடையில் சொல்ல, ஞாயிறு சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

"உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன்" என்றாள். குரல் உயரவே இல்லை.

"உனக்காக ஜெபிக்கத்தான்" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியைக் கேட்க அவளும் நிற்கவில்லை.

மார்ச் 5, புதன்

இவர் மூன்று தடவை டீ போட்டுக் கொடுத்தார். மூன்றும் ஆறிப்போயின.

மார்ச் 6, வியாழன்

ஊரில் எங்கள் சபையின் ஜெபக்குழுத் தலைவியைக் கூப்பிட்டேன். உபவாசத்தம்மா என்பது நானும் இவரும் எங்களுக்குள் வைத்திருக்கும் பெயர். அந்த நாற்பத்துமூன்றில் முதல் செய்தி அவருடையது.

"ஆமாம்மா, போர்டுல நம்பரப் பாத்துட்டு நான்தான் சனிக்கிழம குரூப்ல போட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஆறுதலா இருக்குமேன்னு."

"தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"நிறுத்தவா? இருபத்தொரு நாள் உபவாசத்துல பதினாலு நாள் முடிஞ்சிருச்சு. பாதியில விட்டா எப்படி?"

"உபவாசத்த நிறுத்த வேண்டாம். மெசேஜ மட்டும்."

பிறகு, "சரி, பையன் மேல என்ன கேசு? அத நீ எழுதவே இல்லையே. தெரிஞ்சா குறிப்பா ஜெபிக்கலாம்" என்றார்.

குறிப்பாக. அது என்னுடைய வார்த்தை. நானும் இப்படித்தான், இதே இதமான குரலில், அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் இவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "நாம பேரு போடலையே" என்றார்.

"போட்டோ போட்டோமே."

"நல்ல மனசோடதானம்மா எழுதின."

"அத அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

இவர் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் போனில் பேசினாள். பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு:

"அம்மா, நான் அஞ்சாவது படிக்கும்போது ஹாஸ்டல்ல படுக்கைய நனைக்கிறேன்னு ஜெபக் குறிப்பு போட்டியே, ஞாபகம் இருக்கா?"

இல்லை. சத்தியமாக இல்லை.

"லீவுல அப்பாகூட எந்தச் சபைக்குப் போனாலும் ஆன்ட்டிங்க கன்னத்தப் புடிச்சுக்கிட்டு, இப்ப சரியாயிருச்சா கண்ணுன்னு கேப்பாங்க. போன வருஷம்கூட ஒருத்தங்க கேட்டாங்க. நான் ப்ளஸ் ஒன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதையும் எழுதுவ."

படிப்பு மணி அடித்துவிட்டது, வைத்துவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவள். மழை பெய்யும் என்பதுபோல் சொன்னாள்.

பழைய கடிதக் கோப்பை எடுத்துத் தேடினேன். இருந்தது. ஜூலை மாதம், நான்காவது குறிப்பு. எங்கள் மகளின் ஒரு சிறு பலவீனத்துக்காக. சிறு பலவீனம் என்று எழுதி, அது என்ன என்பதையும் எழுதியிருக்கிறேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. எழுநூறு வீடு.

மார்ச் 7, வெள்ளி

மதியம் கீழே போனேன். கடையில் அவள் மட்டும். ஹோட்டல் துணி மலைபோலக் கிடந்தது. மன்னித்துவிடு என்றேன். ஒரு சட்டையின் இரண்டு கையையும் தேய்த்து முடித்தாள்.

"அதுல என்ன எழுதின? படி."

போனில் கடிதத்தைத் திறந்து, வரி வரியாக அவள் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரியில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் அழுதேன்னு எழுதியிருக்கியா?"

"ஆமா."

"நான் எங்க அழுதேன்? அன்னிக்கும் ஹோட்டல் சட்டைதான் தேச்சுட்டிருந்தேன். மூஞ்சியில பட்டது இஸ்திரி ஆவி. நீதான் அழுத. டவல் எடுத்துக் குடுத்தது நான்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். நான்தான் அழுதேன்.

கெட்ட சிநேகிதர்களால் வழிதவறிய வாலிபன் என்ற இடத்தில், "யாரு சொன்னா? அவன்தான் மத்தவனுங்கள இழுத்துட்டுப் போனான். எம்பிள்ள எவன் பின்னாலயும் போற ஆளில்ல" என்றாள். அதில் பெருமையும் இருந்தது, அந்தப் பெருமைக்காகத் தன்மேலேயே ஒரு எரிச்சலும்.

கடைசிப் பத்தியில் ஒரு வரியைத் தாண்டிப் போனேன்.

"ஒண்ண விட்டுட்ட. உன் கண்ணு அங்க நின்னுச்சு."

சொன்னேன். இருளில் தவிக்கும் இந்தச் சகோதரி.

அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்தாள். "கரன்ட் பில்லு கட்டிட்டேனே" என்றாள். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"உன் துணி ரெடி. எடுத்துட்டுப் போ."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

ஏழு வரி எழுதினேன். போன மாதம் நான் எழுதியது எனக்குச் சொந்தமான செய்தி அல்ல. என்னை நம்பிச் சொன்னதை எழுதினேன். அதிலும் சிலது உண்மையில்லை. படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். தவறு என்னுடையது. இந்த மாதம் வேறு குறிப்புகள் இல்லை.

அலுவலகத்துக்கு அனுப்பிய அரை மணி நேரத்தில் செயலாளர் ஐயா கூப்பிட்டார். "இப்படிப் போட்டா ஜனங்க சோர்ந்துபோயிடுவாங்கம்மா. போன கடிதத்துல எவ்வளவு எழுப்புதல், எவ்வளவு உற்சாகம். ஊழியத்துல கொஞ்சம் எதிர்ப்புன்னு ஒரு வார்த்த போட்டு முடிச்சிருங்களேன். ஜூன்ல கமிட்டி வேற கூடுது, உங்கள அங்கயே வைக்கிறதா திரும்பக் கூப்பிடுறதான்னு அப்பதான் பேசுவாங்க."

எதிர்ப்பு. யார் யாரை எதிர்த்தார்கள்?

போனை இவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இருபது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

"ஐயா, அவ எழுதினத அப்படியே போடுங்க. இல்லன்னா எழுநூறு பேருக்கும் நான் போன் பண்ணிச் சொல்லுவேன். எனக்கு வேறென்ன வேல? ஞாயித்துக்கிழமைக்கு ஆறு பேரு."

ஆறு என்று இவர் வாயால் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். கடிதங்களில் எப்போதும் "சிறு மந்தை" என்றுதான் எழுதுவோம்.

பிறகு வந்து கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேல் எப்போதும் ஒரு வசனம் எழுதுவார். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுதவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து பேர். ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லலாம் என்றதும் எல்லாரும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

கீழே கடைக்குப் போனேன். கடிதம் போன சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டே செய்திகள், அப்புறம் எதுவும் இல்லை என்றாள். தங்கை கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இத்தனை நாள் பொய் சொன்னவளோடு என்ன பேச்சு என்கிறாளாம்.

"மாசத்துல ஒரு சனிக்கிழமதான் அவனப் பாக்க விடுவாங்க. சோப்பு வாங்கப் போறேன்னு சொல்லி தங்கச்சியக் கடையில உக்கார வெச்சுட்டுப் போவேன். நாளைக்குத்தான் அந்தச் சனிக்கிழம."

"நான் கூட வரட்டுமா?"

"அங்க உனக்கு என்ன வேல? கடையப் பாத்துக்க."

மார்ச் 15, சனி

காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை. கால் இரண்டும் என்னுடையதில்லை. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டு ஒரு கோடு. இவர் மதியம் சாப்பாடு கொண்டுவந்து, சொல்லாமலே அரை மணி நேரம் போர்வை மடித்துக் கொடுத்தார். ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

மூன்று மணிக்கு ரொட்டிக்கடைக்காரர் ஏப்ரன்களோடு வந்தார். கவுன்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "பையன் உள்ள இருக்கானாமே. என்னதான் பண்ணினான்? உனக்குத் தெரியாம இருக்குமா?" என்றார்.

"நாலு ஏப்ரன். புதன்கிழம வாங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நானும் நின்றேன். போய்விட்டார்.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். பின்னால் போய் முகம் கழுவினாள். இயந்திரத்தைத் திறந்தாள். ஹோட்டலின் வெள்ளை விரிப்புகள் எல்லாம் வெளிர்நீலம். உள்ளே யாருடைய புது ஜீன்ஸோ. ஒரு விரிப்பைக் கையில் தூக்கிப் பிடித்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வைதாள். நன்றாகவே வைதாள். வைதபடியே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் மேலே ஏறும்போது ஏழே முக்கால்.

இவர் சமைத்து மூடி வைத்திருந்தார்.

"எப்படி இருக்கானாம் பையன்? என்ன சொன்னா?"

"வெள்ளையையும் கலரையும் சேத்துப் போட்டுட்டேன்னு திட்டினா."

இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டை எடுத்து என் முன்னால் வைத்து, சாப்பாட்டைப் போட ஆரம்பித்தார்.