ஜொப் சென்ரரில் அடக்கம் வேண்டாம்

உருத்திரபுரம், கிளிநொச்சி.
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் விதுசனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி யதுர்ஷிகாவும் சுகம், போன கிழமை கன்று போட்ட மாடும் சுகம். உன் சுகத்தை உள்ளபடி எழுது, போனில் சொல்கிற சுகம் எங்களுக்கு வேண்டாம். நான் இரண்டு சொல் சொல்வதற்குள் "சரியம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதி, படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தங்கச்சியிடம் கொடுக்கிறேன்.

நெல் கதிர் தள்ளுவதற்கு முந்தின குடலைப் பருவத்தில் நிற்கிறது, மழையும் அளவாகப் பெய்தது, யார் கேட்டாலும் அப்பா "ஏதோ இருக்கு" என்கிறார். நாற்பது மூட்டை விளைந்தாலும் நாலு மூட்டை விளைந்தாலும் அவருக்கு அந்த ஒரே பதில்தான். அந்தப் புத்தி உனக்கும் வந்திருக்கிறது. வேலை போய் ஒன்றரை வருடம், நாயன்மார் தொகைக்கு அறுபத்துமூன்று இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாய், வேலை இல்லாதவர்களுக்குக் கொடுப்பனவு கொடுக்கிற லண்டன் ஜொப் சென்ரரில் அந்த உத்தியோகத்தர் அம்மா என்ன வேலை தேடினாய் என்று கேட்க "ஏதோ தேடுறன்" என்று சொல்லியிருக்கிறாய், எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்க "பரவாயில்லை" என்றிருக்கிறாய். அவர் வேறு என்ன எழுதுவார்? ஒழுங்காகத் தேடவில்லை, கஷ்டமும் இல்லை என்று எழுதிவிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகாவிட்டால் கொடுப்பனவு நிற்கும், நீயோ வெட்கமாக இருக்கிறது, போகமாட்டேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். அறை வாடகைக்கு என்ன செய்வாய் ராசா?

உன்னைச் சொல்லி என்ன, போன ஆடியில் நான் ஆடிய கூத்தைக் கேள். அரசாங்க உதவிக் கொடுப்பனவு கிடைக்கவில்லை என்று மேன்முறையீடு செய்தோம், விசாரிக்கப் பிரதேச செயலகக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். கந்தோருக்குப் போவதென்றால் நன்றாக உடுத்துப் போக வேண்டாமா என்று என் கூறைச்சேலையைக் கட்டி, பக்கத்து வீட்டு ரஜிதாவின் சங்கிலியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். உத்தியோகத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன குறை அம்மா என்று கேட்டார். நானும் பழக்கதோஷத்தில் "ஒரு குறையும் இல்லைத் தம்பி, நல்லா இருக்கிறம்" என்றுவிட்டேன். அப்பா வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை வீட்டுச் சேலையோடு திரும்பப் போய், கிணறு வற்றினது, அப்பாவுக்குக் கால் ஏலாதது எல்லாம் சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது.

ஆகையால் அந்த அறுபத்துமூன்றையும் திகதியோடு ஒரு தாளில் எழுது, ஆள் தேவையில்லை என்று வந்த பதில்களையும் கொண்டு போ, பேச்சு விளங்காவிட்டால் தமிழ் மொழிபெயர்க்க ஆள் கேள், சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு போய் இரு. அது பிச்சை இல்லை, உழைத்த காலத்தில் நீ வரி கட்டினவன்.

வேலை போனதை ஊரில் ஒருவருக்கும் மூச்சு விடாதே என்று உன் வாயைக் கட்டினது நான்தான். அது என் நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது. நேற்றுச் சங்கக்கடையில் கமலேஸ்வரி தன் மகனை உன் கம்பனியில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். கடை நிறையச் சனம். "அவனுக்கே ஒண்டரை வருசமா வேலை இல்லை, தேடித் திரியிறான்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை மகன். கமலேஸ்வரி என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வந்தார். இனி எங்களுக்காக நீ ஒளிக்க ஒன்றும் இல்லை, போய் அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்லு.

பிள்ளையார் துணையும் எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு வரும். குளிருக்குக் காதை மூடித் தொப்பி போடு. உனக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை, நானும் அப்பாவும் போனுக்குப் பக்கத்திலேயே இருப்போம், வெளியில் வந்ததும் எடு, என்ன பதில் என்றாலும் எடு.

உன்னைப் பெற்றவள்,
த. இரஞ்சிதம்