எந்த ரைட்டு

புதுக் கண்டக்டர் வாயைத் திறப்பதில்லை. எல்லாம் விசில்தான். இன்று காலை கள்ளக்குறிச்சியில் வண்டியை எடுக்கும்போது, பின்படியில் நின்ற யாரோ ஒரு பயணி விளையாட்டாக "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்தார். உன் குரல் மாதிரிகூட இல்லை. ஆனாலும் கண்ணாடியில் உன்னைத் தேடினேன்.

வெள்ளிமலை வண்டியில் நீ டிக்கெட் கொடுத்தாய், நான் ஓட்டினேன். அத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லை வைத்தே பிழைப்பு ஓடியது. அதே சொல்லால் ஒருமுறை செத்துப் பிழைத்தோமே, நினைவிருக்கிறதா? மலை வளைவில் எதிரே மரவள்ளி லாரி வந்து நின்றது. நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். நீ இறங்கி நின்று "ரைட், ரைட்" என்றாய். 'வா வா' என்று நீ சொன்னதை, வலப்பக்கம் ஒடித்துத் திருப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மண்ணைச் சரித்ததும் தகரத்தில் ஓங்கி அடித்தாய். ஏறி வந்து என் இருக்கைக்குப் பின்னால் நின்றாய்.

"இனிமே ரைட்டுன்னா வண்டி போவணும், அவ்ளோதான். திரும்பணும்னா சோத்தாங்கைன்னு சொல்றேன்" என்றாய். அதன்பிறகு நீ சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கத்தும்போதெல்லாம் பஸ்ஸே சிரிக்கும்.

கச்சிராயபாளையத்தில் ஒருநாள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றாய். மகளுடைய இங்கிலீஷ் வீட்டுப்பாடம்.

"வலது பக்கம்னா ரைட்டாம், சரின்னாலும் ரைட்டாம், உரிமைன்னாலும் அதேதானாம். கவுந்தத நிமித்துனாலும் ரைட்டுதானாம். பேர்ச்சொல்லு எது, வினைச்சொல்லு எதுன்னு பிரிக்கணுமாம். நாளெல்லாம் அதத்தான் கத்திக்கினு இருக்கேன். நான் சொல்றது இன்னா சொல்லுய்யா?"

"நீ சொன்னா வண்டி நகருதுல்ல? அப்ப வினைச்சொல்லுதான்" என்றேன்.

பாப்பா அதை அப்படியே எழுதிக்கொண்டு போக, டீச்சர் தப்பு போட்டுவிட்டார். "உன்னாலதான்ய்யா மார்க்கு கம்மி" என்று வெகுநாள் சொல்லிக் காட்டினாய்.

நெஞ்சுவலி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, டூட்டிக்குப் போகிற வழியில் காக்கிச் சட்டையோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் மனைவி டீ வாங்கப் போயிருந்தார். நீ என் கையை விடவே இல்லை. நிறைய பேச நினைத்து, மழை வருமா என்பதைப் பற்றித்தான் பேசினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மெதுவாக "ரைட்டு" என்றாய். நான் எழுந்துவிட்டேன். என் கால்களுக்கு அந்தச் சொல்லின் ஒரே அர்த்தம்தான் பழக்கம். வெள்ளிமலையில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது உன் வீட்டிலிருந்து போன் வந்தது.

எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றாயா? எல்லாம் சரியாகிவிடும் என்றாயா? இல்லை, நீயே கிளம்புவதாகச் சொன்னாயா? பாப்பா இப்போது காலேஜில் இங்கிலீஷ்தான் படிக்கிறது. கேட்டால் பிரித்துச் சொல்லும். அப்பாவின் கடைசிச் சொல் இதுதான் என்று அதனிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நீ ரைட்டு சொல்லி நான் ஒருநாளும் நின்றதில்லையப்பா. அன்றைக்கு மட்டும் நின்றிருக்கலாம்.