கார்க் கூரையில் நீங்கள் போட்ட ஓட்டை

நேற்று மாலை போர்டிகோவுக்குள் காரை நுழைக்கும்போது, கூரைமேல் நிற்கிற ஏரியல் கம்பி சிமெண்டு விளிம்பில் இடித்து ‘டங்’ என்று அதிர்ந்தது. இரண்டு வருடமாக அந்தச் சத்தம் கேட்டதும் நான் டீக்குப் பால் வைப்பேன். நேற்றும் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தேன். சீட் பெல்ட் இழுத்துப் பிடித்தது. வண்டியை ஓட்டி வந்தவளே நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுப்படியில் பால் வைக்க யாரும் இல்லை. நீங்கள் போய், காரியமெல்லாம் முடிந்து, சில வாரம் ஆகிவிட்டது.

நீங்கள் இருந்தவரைக்கும் உங்களிடம் நான் நீளமாகப் பேசியதில்லை. “ஏனுங்க” என்று ஆரம்பித்து “சரீங்க” என்று முடித்துக்கொண்ட பெண்டாட்டி. இப்போது குறுக்கே பேச நீங்கள் இல்லை. அதனால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்தக் கம்பியை வைத்த நாளிலிருந்து சொல்கிறேன். அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வீட்டுக்குப் போகாமல் கார் சாமான் கடை முன்னால் நிறுத்தினீர்கள். கொஞ்ச நாள் முன்புதான் மீன் துடுப்பு மாதிரி ஓர் ஏரியலை வாங்கிக் கூரையில் ஒட்டியிருந்தீர்கள். பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லார் காரிலும் இருக்கிறது, நம் காரிலும் இருக்கட்டும் என்று ஒட்டியதாகத்தான் நினைத்திருந்தேன். கடையில் இருந்த எலெக்ட்ரீஷியன் அதைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். டேப்போடு கையில் வந்துவிட்டது.

“இது சும்மா அழகுக்குங்க. அடியில ஒயரே இல்ல பாருங்க” என்றார்.

உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வகைவகையாக எடுத்து மேசைமேல் போட்டார். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுவது, கதவோரம் இழுத்து நீட்டுவது, கூரையில் நிற்பதில் குட்டை, நெட்டை. ஒவ்வொன்றையும் வாங்கி, புதுத் துணி ரோலைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தீர்கள். “மூலனூர் வரைக்கும் கோயமுத்தூர் ரேடியோ ஸ்டேசன் கேக்கோணுங்க. எதுல கேக்கும்?” இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

“அவ்வளவு தூரம்னா கூரைக்கு நட்டநடுவுல நெட்டக் கம்பிதானுங்க. நாலு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும். ஆனா ஓட்டை போடோணும். உள்பக்கம் பெயிண்டச் சொரண்டி, கம்பியோட அடிப்பாகம் தகரத்தை நேரா தொடற மாதிரி முடுக்கோணும். இல்லீன்னா எரைச்சல்தான் வரும்.”

ஓட்டை என்ற சொல் காதில் விழுந்ததும், கிளம்பலாம் என்று நான் எழுந்துவிட்டேன். சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையையே பிரிக்காத மனிதர் நீங்கள். காரில் ஏறும் சொந்தக்காரர்கள் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்கவேண்டும். ஒருமுறை எதிர்வீட்டுப் பூனை பானெட்டில் படுத்தது என்று அந்த வீட்டோடு நீங்கள் பேச்சையே குறைத்துக்கொண்டீர்கள்.

“போடுங்க” என்றீர்கள்.

அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, ராகு காலம் முடியட்டும் என்றீர்கள். அந்த எலெக்ட்ரீஷியன் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் வந்ததும் பானெட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, ஓட்டை போடும்வரை ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். கூரையில் சிதறிய தகரத்தூளைக் கைக்குட்டையால் நீங்களே துடைத்தீர்கள். எதற்குங்க இதெல்லாம் என்று வழியில் கேட்டேன். “தூரம் போறனில்ல, பாட்டுக் கேட்டுட்டுப் போலாம்னு” என்றீர்கள். கல்யாண வீட்டில் மேளம் வாசித்தாலே தலைவலி என்று வெளியே போய் நிற்கிறவர், பாட்டுக் கேட்கக் கூரையில் ஓட்டை போட்டார். நானும் நம்பினேன்.

வெட்டிய பனியன் துணிப் பீஸ்களை நம் மூலனூர்த் தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோக நம்மிடம் டெம்போ இருந்தது, டிரைவர் இருந்தார். ஆனாலும் அதற்குப் பிறகு நீங்களே டிக்கியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் கிளம்ப ஆரம்பித்தீர்கள். நான் கூட வந்த நாட்களில் நான்கு மணி ஆகும் முன்னால் ரேடியோவை அமர்த்திவிடுவீர்கள். கேட்டால் அதே தலைவலி. சரீங்க என்று ஜன்னல் வழியாகக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

இப்போது பாப்பாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று நீங்கள் போட்ட சட்டத்தை நீங்களே கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இருந்தது ஒரே மகள். அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்று, பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். “அவ செத்துட்டான்னு தலைமுழுகுடா” என்றார். பின்வாசல் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, நாலு பங்காளிகள் பார்க்க, நீங்கள் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டீர்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. என்னையும் கூப்பிட்டார்கள். நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். அன்று சாயந்திரமே என் போனிலிருந்து அவள் நம்பரை அழித்தீர்கள். சுவரில் அவள் படம் இருந்த இடத்தில் காலண்டர் வந்தது. ஒரு தீபாவளிக்கு அவளுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டேன் என்பதற்காக அந்தத் தட்டையே தொடாமல் எழுந்து போனீர்கள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், பிள்ளை உண்டா இல்லையா, ஒன்றும் தெரியாமல் நான் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட நீங்கள்தான் மூலனூர் ரோட்டில் குண்டடம் தாண்டி, காற்றாலைக்குப் பக்கத்தில், ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்தவர்தான் முதலில் பார்த்தவர். வீட்டுக்கு வந்து என் முன்னால் கைகட்டி நின்று சொன்னார்: “சாஞ்சு தூங்கறாருன்னு நெனச்சனுங்கம்மா. அடிக்கடி அங்க நிறுத்தி ரேடியோ கேப்பாரு. அன்னைக்கும் ரேடியோல ஒரு புள்ள சிரிச்சுச் சிரிச்சுப் பேசீட்டு இருந்துச்சு. நாந்தானுங்க அமத்தினேன்.” அன்று அது என் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

பாப்பாவுக்கு யாரும் சொல்லக் கூடாது என்று உங்கள் அண்ணன் வாசலில் நின்று கட்டளை போட்டார். நான் சொல்லியிருப்பேன். சொல்ல என்னிடம் நம்பர் இல்லை. தேர் கட்டி உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, கூட்டத்தின் கடைசிவரை முகம் முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை.

கார் போர்டிகோவிலேயே கிடந்தது. “கூரையில ஓட்டை போட்ட வண்டி, அரை விலைக்குத்தான் போகும். வந்த விலைக்குத் தள்ளீரலாம்” என்று உங்கள் அண்ணன் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அதற்குள் டெம்போ டிரைவர் ஊருக்குப் போய்விட, மூலனூருக்குப் பீஸ் போகாமல் அங்கே மெஷின்கள் நின்றன. எனக்கு ஓட்டத் தெரியும். பாப்பா காலேஜில் இருந்தபோது நானும் அவளும் ஒன்றாகத்தான் கற்றோம். நீங்கள்தான் சாவியைத் தந்ததில்லை. பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்தது. நிறுத்த எந்தப் பட்டன் என்று தெரியாததால் அப்படியே விட்டேன்.

கொடுவாய் தாண்டும்போது மணி நான்கு. விளம்பரம் முடிந்து ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. பெயர் வேறு. பேச்சும் டவுன் பேச்சு, ஒரு ‘ங்க’ கூடக் கிடையாது. ஆனால் சிரிப்பை எப்படி மாற்றுவது? பாதிச் சிரிப்பில் மூச்சை இழுத்துக்கொண்டு மீதியைச் சிரிக்கிற சிரிப்பு. என் வயிற்றில் பிறந்த சிரிப்பு.

வண்டியை எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியாது. பின்னால் வந்த லாரிக்காரர் திட்டிக்கொண்டு போனார். மழை பிடித்திருந்தது. உங்கள் கம்பிக்கு அடியில் ரப்பர் வெடித்திருக்கிறது போல, கூரைத் துணி ஊறி ஒரு சொட்டு என் உச்சந்தலையில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை. தையல் யூனிட்டுக்குப் போகும்வரைக்கும் அவள் பேசினாள். குண்டடத்திலும் கேட்டது, தாராபுரத்திலும் கேட்டது, மூலனூர் முருங்கைச் சந்தைவரை ஓர் எழுத்துக் குறையாமல் கேட்டது. நல்ல கம்பியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீங்கள் தினமும் அவளைக் கேட்டிருக்கிறீர்கள். அவள் சளி பிடித்துப் பேசியது, மழை வந்தால் சந்தோஷப்பட்டது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ‘டங்’ என்று இடித்துக்கொண்டு வந்து, அவள் குரல் காதிலேயே இருக்க, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “சக்கரை கம்மி” என்று சொல்லியிருக்கிறீர்கள். பட்டினி கிடக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒளித்துத் தின்றதற்குப் பெயர் என்னங்க? உங்கள் அண்ணனுக்குப் பயந்தீர்கள், சரி. எனக்கு என்ன பயம்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான்கு மணிக்கு அந்த ரேடியோவை அமர்த்தாமல் விட்டிருந்தால் போதுமே. நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் பீஸ் எதுவும் ஏற்றாமலே கிளம்பினேன். நீங்கள் நிறுத்திய அதே இடத்தில், காற்றாலைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பாட்டுக் கேட்கிறவர்கள் கூப்பிட ஒரு நம்பர் சொல்கிறார்களே, அதை அடித்தேன். ஒரு பையன் எடுத்தான். பேர், ஊர், என்ன பாட்டு என்று வரிசையாகக் கேட்டான்.

“பாட்டு வேண்டாமுங்க. அங்க பேசற புள்ளைகிட்ட, சரஸ்வதி குண்டடத்துல இருந்து கூப்பிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

என் பேரைச் சொல்லி முடித்ததும் லைன் போய்விட்டது. ரேடியோவில் யாரோ ஒருவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. ஒரு பாட்டு வந்தது. அது முடிந்து, பேச்சே இல்லாமல் அடுத்த பாட்டும் வந்தது. அப்போது என் போன் அடித்தது.

“அம்மா” என்றாள். பிறகு அவசரமாகக் கேட்டாள்: “அப்பா பக்கத்துல இருக்காருங்களா? இருந்தா போன வெச்சர்றேனுங்கம்மா. அப்பறம் உங்களைத்தான் திட்டுவாரு.” டவுன் பேச்சு எங்கே போயிற்றோ, நம் வீட்டுப் பேச்சுத்தான் வந்தது.

நான் உங்களைத் திட்டித் தீர்ப்பதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவளுக்கு முதலில் சொல்லவேண்டியது வேறு.

“அப்பா இல்ல கண்ணு. போயிட்டாரு.”

“எப்பங்க?” சொன்னேன். “எனக்கு யாரும் சொல்லலீங்களேம்மா.” “உன்ற நம்பர் எங்கிட்ட இல்ல கண்ணு” என்றேன். “எங்கீங்க?” என்றாள். “இங்கதான், இதே எடத்துல. வண்டிய நிறுத்தி ரேடியோ கேட்டுட்டு இருந்திருக்காரு” என்றேன்.

அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள். “எந்த ஸ்டேசனுங்கம்மா?”

உங்களுக்கு எதிராக நான் வைத்திருந்ததையெல்லாம் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களுக்காக இல்லை, அவளுக்காக.

“உன்னோடதுதான் கண்ணு. மூலனூர் வரைக்கும் நீ பேசறது கேக்கோணும்னு, கார் கூரையில ஓட்டை போட்டாரு உங்கப்பா.”

அந்தக் காரை அவள் அறிவாள். செருப்பைத் தட்டிவிட்டு ஏறிய பெண்தானே. அப்போதுதான் அவள் அழுதாள். இங்கே ரேடியோவில் பாட்டு முடிந்து, அடுத்தது வராமல், வெறும் அமைதி ஓடியது. அதுவும் தெளிவாகவே கேட்டது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. இப்போதைக்கு முடியும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஓட்டையை அடைத்து, பூசி, நல்ல விலைக்கு விற்கலாம் என்று நேற்று அந்த எலெக்ட்ரீஷியன் சொன்னபோது, ரப்பரை மட்டும் மாற்றுங்க, கம்பி அப்படியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பா வருகிறாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளையே காரை ஓட்டச் சொல்லப் போகிறேன். போர்டிகோவில் அந்தக் கம்பி இடிக்கிற சத்தம் உங்கள் அண்ணன் வீட்டுக்குள் வரைக்கும் கேட்கும். கேட்கட்டும்.