கட்டத்துக்குள் ஒரு கழுதை

ஸ்கெல்பி,
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பி க்ளிஃபுக்கு,

அக்கா மேவிஸ் எழுதுகிறேன். நான் நலம். நீயும் லொரெய்னும் பிள்ளைகளும் பெர்த்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். இங்கே கடல்காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. 'நாங்கள் நலம்' என்றுதான் எழுத வந்தேன். உன் அத்தானைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருப்பதால் என்னோடு நிறுத்திக்கொண்டேன்.

போன வாரம் போனில் நீ கேட்டாய், ஊரே திட்டுகிற அந்த டங்கன் ஹாஸ்விக் எப்படி மறுபடியும் எம்.பி. ஆனான் என்று. அப்போது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். போன் இருப்பது நடையில், உன் அத்தான் உட்கார்ந்திருப்பது அதற்கு எதிர் நாற்காலியில். அவர் காது வைத்துக்கொண்டு இருக்கும்போது சில விஷயங்களைப் பேச முடியாது. இப்போது தூங்குகிறார். அதனால் விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் அத்தான் வில்ஃபுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பெரிய ஊருக்குப் போகிறார் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பது தெரியாது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஒரு கார் அனுப்புகிறது. இருட்டு விலகும் முன்னே வந்து இவரை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றி இன்னும் மூன்று நோயாளிகளைப் பொறுக்கிக்கொண்டு போகும். அங்கே நாலு மணி நேரம் ஊசியோடு படுக்கை. திரும்பும்போது அதே சுற்று. வீட்டுப் படியில் இறங்குகிற மனிதரைப் பார்த்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். இத்தனைக்கும் நம் தெரு மேட்டிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. அதில் டயாலிசிஸுக்கென்று ஒரு அறை கட்டி, வெள்ளையடித்து, கதவுக்குப் பூட்டும் போட்டார்கள். இயந்திரமும் வரவில்லை, நர்ஸும் வரவில்லை. பூட்டு மட்டும் வந்தது.

தேர்தல் வந்தால் நம் ஊர் எப்படி ஆகும் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஐந்து வருடம் கண்ணில் படாதவர்கள் எல்லாம் கோட்டில் ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். நோட்டீஸில் ஒவ்வொருத்தரும் எதையாவது கைகாட்டியபடி நிற்பார்கள். ரோட்டுக் குழியைக் கைகாட்டி ஒருத்தர், உடைந்த பஸ் நிறுத்தத்தைக் கைகாட்டி ஒருத்தர். இந்த முறை மூன்று கட்சிக்காரர்களும் அந்தப் பூட்டிய கதவைக் கைகாட்டினார்கள். பக்கத்திலேயே போன தேர்தல் ஓட்டுக் கணக்கை உயரமும் குட்டையுமாகப் பட்டை போட்டு, 'இங்கே எங்களால் மட்டுமே வெல்ல முடியும்' என்று ஒரு படம். மூன்றிலும் அதே வாசகம். அவரவர் நோட்டீஸில் அவரவர் பட்டை உயரம். இந்தக் கணக்குக்கே இவர்களைச் சின்ன வயதில் வகுப்பு மூலையில் நிற்க வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னப் பெண் வந்தாள். அவள் கட்சி ஜெயித்தால் ஒன்றல்ல, இரண்டு அறை திறக்குமாம். "இருக்கிற ஒண்ணையே யாரும் திறக்கலையேம்மா, ரெண்டாவது எதுக்கு, பூட்டு மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். பதில் இருக்கிறதா என்று கைப்பேசியைத் தடவிப் பார்த்தாள். அடுத்து வந்தவன் தடித்த ஆள். வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரியில் தானாக இடம் வந்துவிடும் என்றான். உன் அத்தான் வீட்டுச் செருப்போடு வாசலுக்கு வந்தார். "எனக்கு ஊசி போடுற மரிசெல் ஃபிலிப்பைன்ஸ்காரி. வலிக்காம குத்துறது அந்த வார்டுலயே அவ ஒருத்திதான். அவளை அனுப்பிட்டா நீ வந்து குத்துறியா?" என்று சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். அவன் நோட்டீஸைக்கூட வைக்காமல் போனான்.

மூன்றாவதாக ஹாஸ்விக்கே வந்தான், கூடவே படம் பிடிக்கிற ஆள். கையிலிருந்த காகிதத்தில் பேரைப் பார்த்துவிட்டு, ஒரே வகுப்பில் படித்தவன் மாதிரி "வில்ஃப்!" என்று கையைப் பிடித்தான். பிடித்தது ஊசி போடுகிற கையை. "வில்ஃப், குளிர் வர்றதுக்குள்ள நீங்க வீட்டுலேர்ந்து நடந்தே போயி சிகிச்சை எடுத்துக்கிட்டு நடந்தே திரும்புவீங்க. இது நான் குடுக்கிற வாக்கு" என்றான். போன தேர்தலிலும் இதையே சொன்னீர்கள் என்று உன் அத்தான் சொன்னார். "போன தடவை நிலைமை வேறங்க" என்றான். எங்கள் நிலைமை மட்டும் வேறாகவில்லை போலும்.

அவனுக்கு உன் அத்தான் எழுதிய கடிதங்கள் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. கிளப்பில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் புலம்பியபோது யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஓட்டுச்சீட்டில் தாறுமாறாக எதையாவது கிறுக்கி வைத்தால், எண்ணும்போது அந்தச் சீட்டை வேட்பாளர் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காட்டித்தான் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று. உன் அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா அந்தப் பய படிச்சே ஆகவேண்டிய கடிதாசி இது ஒண்ணுதான்" என்றார். முப்பது வருடம் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக் கழுதைச் சவாரி நடத்தியவர் அல்லவா, கழுதை வரைய அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு வட்டம், இரண்டு காது, நீள மூக்கு. பீர் வைக்கிற அட்டையில் வரைந்து காட்டினார். எல்லோரும் அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். வேறு ஒருத்தனைச் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது என்று, ஹாஸ்விக் பேருக்கு நேரே இருக்கிற கட்டத்தில்தான் வரைய வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நான் மட்டும், பாவம் கழுதையை ஏன் கேவலப்படுத்துகிறீர்கள் என்றேன்.

தேர்தல் அன்று சர்ச் கூடத்தில் வரிசை நின்றது. எல்லோரும் நாயைக் கூட்டிக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டுக்கொண்டு, ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். நூலில் கட்டிய பென்சிலை எடுத்து நான் சீட்டின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைவரை 'நீங்கள் யாரும் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். உன் அத்தான் வெளியே வர நேரமாயிற்று. அழகாக வரைந்திருக்கிறார்.

எண்ணுகிற வேலைக்கு நம் பக்கத்து வீட்டு பெவர்லி போயிருந்தாள். மறுநாள் சாயங்காலம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் தவித்தாள். "மேவிஸக்கா, குவியல் குவியலா கழுதைங்க. ஒண்ணாவது கோட்டைத் தாண்டணுமே! காதுகூட வெளிய போகல" என்றாள். தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றையும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாராம். மற்ற கட்டங்கள் காலி. ஒரே கட்டத்துக்குள் ஒரு குறி. அது ஓட்டுக்குப் போடுகிற பெருக்கல் குறியா, பிராணியா என்பது தனக்கு முக்கியமில்லை, வாக்காளர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லி, எல்லாக் கழுதைகளையும் ஹாஸ்விக் கணக்கில் சேர்த்துவிட்டார். சீட்டு முழுக்கக் கிறுக்கின என் மாதிரி ஆட்களுடையதுதான் செல்லாமல் போனது.

இரண்டு தரம் எண்ணினார்கள். ஹாஸ்விக் முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தான். கழுதைகள் அதைவிட அதிகம். வேறு எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் கோபத்தில் சீட்டைக் கிழித்திருப்பான், எரித்திருப்பான். நம் ஆட்கள் திட்டும்போதுகூடக் கோட்டுக்குள் நின்று திட்டுவார்கள். கிளப்பில் அன்று ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் அவன், மக்கள் தன்மேல் வைத்த நம்பிக்கைக்குத் தலைவணங்குவதாகச் சொன்னான். நான் டிவியை அணைத்தேன்.

உன் அத்தான் மட்டும் சோர்ந்து போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "நாமதான் ஜெயிக்க வெச்சோம், இப்ப அவன் நமக்குக் கடமைப்பட்டவன்" என்றார். மாதம் ஒரு சனிக்கிழமை ஹாஸ்விக் நூலகத்தில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்ப்பான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். "தம்பி, உங்களை அந்த நாற்காலியில உக்கார வெச்ச கழுதை நான்தான். கதவை எப்பத் திறக்கப்போறீங்க?" என்று கேட்டார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்படி நகைச்சுவை உள்ளவர்களால்தான் நாடு நிற்கிறதாம். தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான். குளிருக்குள் நிச்சயம் என்று மறுபடியும் சொன்னான். வெளியே வந்ததும் உன் அத்தான் என்னிடம், "அவன் கண்ணைப் பார்த்தியா, இந்தத் தடவை செய்வான்னு தோணுது" என்றார். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? ஹாஸ்விக் பொய் சொல்கிறான் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், உள்ளுக்குள்ளே அவனை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். வேறு எதை நம்புவார், பாவம்.

அதற்கப்புறம் கார் வராத நாள்களில் மேட்டுக்கு நடந்துபோய் ஜன்னல் வழியாக அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் உள்ளே ஏணி சாத்தியிருக்கிறது, வேலை நடக்கிறது என்று சந்தோஷமாக வந்து சொன்னார். நானும் கேக் செய்தேன். அக்டோபர் கடைசியில், அந்த ஏணி கட்டடத்தை விற்க அளவெடுக்க வந்தவர்களுடையது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பலகை நட்டிருக்கிறார்கள், கட்டடம் விற்பனைக்கு, கடல் பார்த்த குடியிருப்புகள் கட்ட ஏற்றது என்று. ஹாஸ்விக் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எம்.பி. மிகவும் வருந்துகிறார், இது முந்தைய நிர்வாகத்தின் முடிவு என்று ஒருத்தி வாசித்தாள். முந்தைய எம்.பி.யும் அவன்தானேம்மா என்றேன். என் கருத்தைக் குறித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இவர்களைப் பற்றி இனி எழுத எனக்கு மையும் வீண், கையும் வீண்.

தம்பி, இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். பலகையைப் பார்த்துவிட்டு வந்த அன்று உன் அத்தான் டீயைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "மேவிஸ், நான் இனிமே அந்தக் கார்ல ஏற மாட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மரிசெல் போனில் அழுதாள். டாக்டர் வீட்டுக்கே வந்து, நிறுத்திவிட்டால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று மறைக்காமல் சொன்னார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, டாக்டருக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன். "ஒரு நாளைக்குப் பாதி அந்த ரோட்டுல போகுது மேவிஸ், மீதி அதுலேர்ந்து எழுந்திரிக்கிறதுல போகுது. எதுக்காகன்னு ஏதாவது ஒண்ணு சொல்லு, போறேன்" என்றார்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "க்ளிஃப் வரான். கிறிஸ்மஸுக்கு. டிக்கெட் எடுத்துட்டான், உங்ககிட்ட சொல்லாம வந்து நிக்கணும்னு இருந்தான்" என்று சொல்லிவிட்டேன். கண் சிமிட்டாமல் சொன்னேன். ஹாஸ்விக்கே என்னிடம் பாடம் கேட்கலாம். உன் அத்தான் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, அவன் வர்றவரைக்கும் போறேன்" என்றார். திங்கட்கிழமை காரில் ஏறினார். புதனும் போனார். வெள்ளிக்கிழமை, உனக்குப் பிடித்த கருப்பு பீரை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார். உன் அறைச் சுவரைத் தானே வெள்ளையடிக்கிறேன் என்கிறார், நான் விடவில்லை.

நீ வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. அதற்காக உன்னைக் குறைசொல்லவில்லை, வேலை, பிள்ளைகள், தூரம், எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்தது தப்பு. உன்மேல் எனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நினைத்துச் செய்துவிட்டேன். கார் வருகிற ஒவ்வொரு காலையும் இருட்டில் அவருக்குக் கோட்டு மாட்டிவிடும்போது, "க்ளிஃப் ஏதாவது எழுதினானா?" என்று கேட்கிறார். எழுதினான், நலமாக இருக்கிறான் என்கிறேன்.

லொரெய்னுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும், உங்கள் விமானம் பத்திரமாக இறங்கட்டும். இதற்குப் பதில் எழுதாதே, க்ளிஃப். முயற்சி செய்கிறேன் என்றும் எழுதாதே. அந்த மாதிரி நீ எழுதின கடிதங்கள் இந்த வீட்டில் நிறைய இருக்கின்றன. வந்துவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா மேவிஸ்